நின்றால் அணையும் வண்டி

— ஓடும்போது ஒரு குறையும் இல்ல தம்பி. நின்னாதான் உயிர விட்டுடுது.

— எப்படி விடுது? டப்புன்னா, இழுத்து இழுத்தா?

— இழுத்து இழுத்து. அதாவது, ரெண்டு தடவ துள்ளும், ஒரு தடவ விக்கும், பாபின்ல நூல் தீர்ந்த மாதிரி அப்புறம் பேச்சு மூச்சே இருக்காது.

— டெய்லரண்ணனுக்கு வண்டியும் தையல் மெஷின்தான். சரி, உதைங்க கேப்போம்... ம். எதுக்குச் சோக்கப் பாதி இழுத்து வெச்சிருக்கீங்க?

— அத இழுத்தாத்தான் கொஞ்ச நேரமாவது நிக்குது.

— அணைங்க. பிளக்கக் கழட்டறேன்... பாருங்க, அடுப்புக்கரி. ஓடற வண்டியில இவ்வளவு கரி சேராது. எங்க நிறுத்தி வெச்சு உறும விடறீங்க?

— சிக்னல்ல.

— இந்த ஊர்ல மொத்தமே மூணு சிக்னல்ணே. அதுல ஒண்ணு எரியறதே இல்ல.

— நீ வண்டியப் பாருப்பா.

— பாக்கறேன், பாக்கறேன். பிளக்கத் துடைச்சு மாட்டியாச்சு. சோக்க உள்ள தள்ளிட்டு உதைங்க. அணையாம லேசா முறுக்கிப் புடிச்சுக்கோங்க. இதோ, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல ஒரு ரப்பர் இருக்கு பாருங்க. அது மேல தண்ணி தெளிக்கறேன். சத்தத்த மட்டும் கவனிங்க.

— அட, சீராயிடுச்சே!

— கொஞ்சம் பொறுங்க... பாத்தீங்களா, தண்ணி போனதும் மறுபடி விக்குது. ரப்பர் வெடிச்சிருக்கு. முடியளவு கீறல். அது வழியா வேண்டாத காத்து உள்ள போவுது.

— அப்ப ஓடும்போது மட்டும் எப்படி நல்லா ஓடுது?

— ஓடும்போது எஞ்சின் மூச்ச வாரி வாரி இழுக்குது. அந்த வேகத்துல இந்தக் கீறல் ஒரு பொருட்டே இல்ல. நின்னு மெதுவா மூச்சு விடும்போதுதான் தெரியும்.

— எனக்கும் அப்படித்தாம்ப்பா. கடையில துணி குவிஞ்சிருக்கறவரைக்கும் ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழமை கடைய மூடினேன்னா...

— மூடினா?

— ஒண்ணுமில்ல. ரப்பர் கைவசம் இருக்கா?

— இருக்கு. மாத்த அரை மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் சொல்லுங்க.

— என் பொண்ணு வீட்டுக்கு எதிர்ல ஒரு மரம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அங்க போய் நிப்பேன்.

— உங்களுக்குப் பொண்ணு இருக்கா! ஒன்பது வருஷமா இங்க வர்றீங்க, ஒரு வார்த்த சொன்னதில்லையே?

— சொல்லிக்கற மாதிரி நான் நடந்துக்கல. அவளாத் தேடிக்கிட்ட பையன். எனக்குப் பிடிக்கல. கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தா. மெஷின் முன்னாடி நின்னு, "அப்பா, வெள்ளிக்கிழமை"ன்னா. நான் தலையத் தூக்கல. மிதிச்சுக்கிட்டே இருந்தேன். அதாவது தம்பி, ஊசியில நூல்கூட இல்ல. வெறும் துணியில ஓட்டினேன்.

— எவ்வளவு நேரம் நின்னாங்க?

— கால் மணி நேரம். அப்புறம் செருப்பு மாட்டற சத்தம் கேட்டுச்சு.

— எத்தனை வருஷம் ஆச்சு?

— ஏழு. கடைசி ரெண்டு வருஷமா மரத்தடி.

— வண்டிய அணைச்சுட்டு நிக்கலாமேண்ணே.

— அணைச்சா எறங்கணும். எறங்கினா அந்தக் கதவத் தட்டணும். ஓடிக்கிட்டிருந்தா, ஏதோ வழியில நின்னவன் மாதிரி இருந்துடலாம்.

— மரத்தடியிலேர்ந்து என்னதான் தெரியும்?

— கொடியில காயற துணி. அதுல ஒரு சின்ன கவுன். போகப் போக நீளமாகுது. இடுப்பப் புடிக்கத் தெரியாம எவனோ தொளதொளன்னு தைச்சிருக்கான். பாக்கப் பாக்கக் கை பரபரங்குது. கண்ணாலயே அளவெடுத்து மூணு தைச்சேன். தைச்சு முடிக்கறதுக்குள்ள பேத்தி வளந்துடறா.

— அந்த ஸ்பேனர எடுங்கண்ணே.

— என்னப்பா, ரப்பர் உக்காரலையா?

— உக்காந்துடுச்சு. உதைங்க. சோக்கத் தொடாதீங்க. ஏர் ஸ்க்ரூவக் கொஞ்சமாத் திருப்பறேன்... இப்பக் கேளுங்க.

— அப்பாடி. வாங்கின அன்னிக்குக் கேட்ட சத்தம்.

— இனிமே எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கலாம். இன்னிக்குச் செவ்வாய்தானே, விட்டுட்டுப் போங்க. செயினையும் பாத்து சனிக்கிழமை தர்றேன்.

— இல்ல. இப்பவே வேணும்.

— ஞாயித்துக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கேண்ணே, என்ன அவசரம்?

— முந்தாநாள் அங்கயே அணைஞ்சுடுச்சு. உதைக்கறேன், உதைக்கறேன், எடுக்கவே இல்ல. கதவு திறந்துச்சு. அந்தக் கவுன் வந்துச்சு. ரெண்டு பக்கமும் பாத்துட்டு, தெருவத் தாண்டி, நேரா என்கிட்ட.

— ஐயோ! என்ன பண்ணீங்க?

— என்ன பண்ணுவேன்? வண்டியத் தள்ளிக்கிட்டு தெருமுனை வரைக்கும் ஓடினேன். ரெண்டு நாளா ஊசியில நூல் கோக்க முடியல.

— குழந்தை ஒண்ணும் பேசலையா?

— பேசினா. "அம்மா கேக்கச் சொன்னாங்க, ரெண்டு வருஷமா நிக்கறீங்களே தாத்தா, கால் வலிக்கலையா?"