அழுதால் யாராவது வருவார்கள்

ஓடுகிறோம். வெள்ளிக்கிழமை. பகல் பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாவிக்கரைச் சேறு முழங்கால்வரை இழுக்கிறது. முதல் ஷெல் கூவிக்கொண்டு தலைக்கு மேலே போகிறது. தண்ணீரில் விழுகிறது. இரண்டாவது கிட்ட விழுகிறது.

"படுங்க! படுங்க!"

அம்மாவின் இடுப்பில் தம்பி. அவனுக்கு மூன்று வயது. அம்மாவின் மற்றக் கையில் என் கை. எனக்கு எட்டு. மூன்றாவது ஷெல் கூவுகிறது. அம்மா என் கையை உதறுகிறார். இரண்டு கையாலும் தம்பியை அணைத்துக்கொண்டு தோணிக்கு ஓடுகிறார். தோணி நிரம்பிவிட்டது. தோணியை வாவிக்குள் தள்ளிவிட்டார்கள். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கத்தினேன். யாரும் திரும்பவில்லை. பிறகு வந்த தோணியில் முகம் தெரியாத ஒருவர் என் தலைமயிரைப் பிடித்துத் தூக்கிப் போட்டார்.

வாவியின் மறுபக்கம், எழுவான்கரையில் இறங்கினேன். அம்மா மணலில் இருந்தார். தம்பி மடியில் கிடந்தான். ஷெல் துண்டு முதுகில் ஏறியிருந்தது. மூச்சில்லை. அம்மா என்னைப் பார்த்தார். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாட்சி என்றால் முழுவதையும் சொல்ல வேண்டும். அப்போது எனக்குத் துக்கம் வரவில்லை. பொறாமை வந்தது. அவன் மடியில் இருந்தான்.

மூன்று வருடம் அகதி முகாம். நான் அழுதால் அம்மா சத்தம் போடுவார்.

"செத்தவனே சும்மா கிடக்கான். உனக்கென்னடி?"

அழுவதை விட்டேன். வருடா வருடம் அவன் நினைவு நாளுக்குச் சீனி போட்டு ஆப்பம் சுட்டுப் படைப்பார். ஆறிய பிறகுதான் எனக்கு. அவனுக்கு எப்போதும் மூன்று வயது. ஒரு குற்றமும் செய்யமாட்டான். நான்தான் வளர்ந்தேன், அடி வாங்கினேன்.

போன மாசியில் என் மகள் சைக்கிளிலிருந்து விழுந்தாள். அவளுக்கும் எட்டு வயது. முழங்காலில் உரசல். "அம்மா!" என்று கத்தினாள். ஓடிப்போய்க் கன்னத்தில் அறைந்தேன். அழுததற்காக அல்ல. அழுதால் யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை அந்தக் குரலில் இருந்தது. என் வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளையைப் பார்த்து எரிந்தது.

தலையிடி என்று வருடக்கணக்காக ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் நான். பனடோல் மாத்திரை தருவார்கள். இந்த முறை அறைந்ததையும் சொன்னேன். உளவளத்துணையாளருக்குத் துண்டு எழுதித் தந்தார்கள். அவர் காத்தான்குடி முஸ்லிம் பெண். என்னைவிட இளையவர். நன்றாக உறங்கி எழுந்த முகம். அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன்.

ஆறு வாரம் அவர் யுத்தத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாதத்தைத் தரையில் அழுத்தச் சொன்னார். காதில் விழும் சத்தங்களைச் சொல்லச் சொன்னார். மின்விசிறி. ஓட்டோ. பாங்கு. ஷெல் இல்லை. ஏழாவது வாரம் நானாகவே சொன்னேன். எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய கதைதான்.

"தம்பிக்கு நடந்தது விளங்குது அக்கா. உங்களுக்கு என்ன நடந்தது?"

ஒன்றுமில்லை என்றேன். ஒரு கீறல்கூட இல்லை. அவர் என் கைகளைப் பார்த்தார். குனிந்து பார்த்தேன். என் வலது கை இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. அம்மா உதறிய கை.

"இது ஒரு நாள் காயம் இல்ல அக்கா. அழுதும் ஆரும் வராத வருசமெல்லாம் சேர்ந்த காயம்."

அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். அவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார்.

இந்த வருடம் படையலன்று அம்மாவிடம் கேட்டேன். ஏன் என் கையை விட்டீர்கள்? அம்மா ஆப்பச் சட்டியைப் பார்த்தபடி சொன்னார்.

"நீ நடப்பாய் எண்டு தெரியும் புள்ள. அவனுக்கு ஏலாதே."

நியாயமான பதில்தான். எனக்குப் போதவில்லை.

நேற்றுப் பின்னேரம் இடி இடித்தது. மகள் கத்தினாள். வயிறு இன்னும் எரிகிறது. பாதத்தைத் தரையில் அழுத்தினேன். எழுந்து போனேன். மடியில் ஏறிக்கொண்டாள்.

இழந்தவை. வீடு ஒன்று. சைக்கிள் ஒன்று. பசு இரண்டு. ஆண்பிள்ளை ஒன்று, வயது மூன்று. இவ்வளவும் அம்மா கையொப்பமிட்ட நட்டஈட்டுப் படிவத்தில் இருக்கின்றன. படிவத்தில் விடுபட்டது: பெண்பிள்ளை ஒன்று. வயது எட்டு. கடைசியாகக் கண்ட இடம், கழுத்தளவுத் தண்ணீர்.