பொம்மையின் கழுத்தில் கிடந்த மணி

யாழ்ப்பாணத்திலிருந்து சண்டிலிப்பாய்க்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். யன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டதும் நான் ஃபோனை மடியில் வைத்துவிட்டேன்.

"செத்த பிள்ளையின்ரை மாலையைக் கொண்டுபோய்ப் பொம்மைக்குப் போட்டிருக்கினம், மச்சாள்!"

"எந்தப் பிள்ளை?"

"எங்கடை தோட்டத்திலை கிணறு வெட்டேக்கை தாழி ஒண்டு வந்ததெல்லே? உள்ளுக்கை எலும்பும் மணிமாலையும் கிடந்தது. குழந்தைப்பிள்ளையின்ரை எலும்பு எண்டு மியூசியத்திலையிருந்து வந்து பார்த்தவை சொன்னவை. இவர் பூப்போட்டுக் கும்பிட்டுத்தான் அவையிட்டைக் குடுத்தவர்."

"ஓம், ஊரே வந்து பார்த்ததுதானே."

"இப்ப அங்கை பழைய சாமானும் புது ஃபஷனும் எண்டு ஒரு கண்காட்சி. ஆசையாப் போனன். முதுகு தெரியிற கவுண் போட்ட ஆளுயரப் பொம்மையின்ரை கழுத்திலை அந்த மணி கிடக்குது!"

"ஐயோ! நீங்கள் ஒண்டும் கேக்கேல்லையே?"

"கேட்டனான். அங்கை நிண்ட பெட்டை, 'அன்ரி, அது ஸ்டைல்' எண்டாள். உங்கடை வீட்டுப் பிள்ளையின்ரை எண்டால் இப்பிடிக் கொழுவுவியளோ எண்டன்."

"பிறகு?"

"மறிச்சுக் கட்டின கயித்தைத் தாண்டிப் போய் நானே கழட்டினன். அவளின்ரை கையிலை குடுத்து, பெட்டிக்குள்ளை வை பிள்ளை எண்டன்."

மச்சாள் வாயில் கை வைத்தார். "சுத்தி நிண்ட சனம் என்ன சொன்னது?"

"என்னத்தைச் சொல்லுறது? நான் அழுதழுது கழட்டுறன், அதுவும் ஷோ எண்டு நினைச்சுக் கை தட்டுதுகள்!"