வாயத் தொறக்காத ஆபீசர்

– வண்டியச் செத்த ஓரமா நிப்பாட்டுங்க.

– எதுக்கு பாக்கியம்? இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூரே தாண்டல. ராஜபாளையம் போறதுக்குள்ள இருட்டிரும்.

– சுகர் உள்ள மனுசன் எதுக்கு ரெண்டு கிலோ பால்கோவா வாங்கினீக? அதச் சொல்லுங்க, பொறவு கெளம்பலாம்.

– வீட்டுக்கு யாராச்சும் வருவாக...

– யாரு?

– இப்போதைக்குக் கருத்து சொல்வதற்கில்லை.

– பாத்தீகளா! ரிட்டயர் ஆகியும் அந்த ஆபீஸ் பேச்சு போகல. டெல்லியில நிதித்துறையில போயி உக்காந்ததுல இருந்தே இந்த வியாதி.

– அதுக்கு முன்னால பேங்க்ல இருந்தப்பவும் நான் அப்படித்தான்.

– பெருமை வேறயா? மதுரைக்கு மாத்தல்னு எனக்கு யாரு சொன்னா? பால்காரர்!

– அவருக்கு யாரு சொன்னா?

– உங்க பியூன். மும்பை போறோம்னு வீட்டு ஓனர் சொன்னாரு. நீங்க ஜெனரல் மேனேஜர் ஆனத பேப்பர்ல பாத்தேன். அதுவும் பஜ்ஜி எண்ணெய ஒத்தி எடுத்த பேப்பர்ல.

– போட்டோ நல்லா விழுந்திருந்துச்சுல்ல?

– எண்ணெயில மூக்கே தெரியல.

– ஆர்டர் கைக்கு வராம நான் எப்படிச் சொல்ல...

– சரி, பட்ஜெட்டு?

– அது அரசாங்க ரகசியம்ட்டி! அல்வா கிண்டி ஆளுக்குக் கொஞ்சம் வாயில போட்டதும் கதவச் சாத்திருவாங்க. மந்திரி படிச்சு முடிக்கிற வரைக்கும் வெளிய வர முடியாது, போனு கெடையாது...

– உள்ள போறேன்னாவது சொன்னீகளா? ‘குளிக்க வெந்நி போடு, இந்தா வந்துருதேன்’னு போனவரு, ஒரு வாரம் கழிச்சு வந்து ‘வெந்நி ஆயிட்டா’ன்னு கேட்டீக!

– அது... சும்மா தமாசுக்கு.

– நான் சிரிக்கல.

– சரி, வண்டிய எடுக்கட்டா?

– இன்னைக்கு விசயத்துக்கு வாங்க. காலையில பாத்ரூம்ல கொழாயத் தொறந்து விட்டுட்டு யாருகூட போனு?

– கொழாய் ரிப்பேரு. பிளம்பர்கிட்ட...

– பிளம்பரையா ‘சாப்பிட்டியாடா தங்கம்’னு கேட்டீக?

– ஏட்டி, ஒட்டுக் கேட்டியா?

– தண்ணிச் சத்தத்துக்கு மேல நீங்கதான் கத்துனீக. ஷெரின்தான? பெங்களூர்ல மகளுக்கும் மருமகனுக்கும் ஒண்ணுமில்லையே?

– ரெண்டு பேரும் நல்லா இருக்காக.

– அப்ப வேற விசயம் இருக்கு.

– இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல.

– சரி. அந்தா வத்திராயிருப்பு பஸ் வருது. நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். பால்கோவாவும் என்கூட வருது.

– கதவத் தொறக்காத, பின்னால லாரி... பாக்கியம், பிள்ளைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாது, முக்கியமா உன்கிட்ட. என் சர்வீஸ்லயே ஒரு வார்த்த வெளிய போனதில்ல. இப்ப போயி...

– நான் ஒண்ணு சொல்லட்டா? சிரிக்காம கேளுங்க.

– சொல்லு.

– பட்ஜெட்டுக்கு முந்தி குவாட்டர்ஸ் பொம்பளைங்க அம்புட்டு பேரும் என்கிட்ட வருவாக. எது வெல ஏறப் போவுது, சார் சொல்லிருப்பாரேன்னு. தெரியாதுன்னா ஒருத்தியும் நம்ப மாட்டா. சரியான அழுத்தக்காரின்னு சிரிப்பாக. எனக்கு நெசமாவே தெரியாதுங்க. அதுதான் எனக்கு வெக்கம்.

– அதச் சொன்னா என் வேலையே போயிருமே...

– வெல யாருக்கு வேணும்? ‘உள்ள போறேன் பாக்கியம், தேடாத’ன்னு ஒரு வார்த்த. அதுவுமா அரசாங்க ரகசியம்? எல்லாருக்கும் தெரிஞ்ச பொறவு கடேசியாத்தான எனக்குத் தெரியுது. அத நெனச்சு எம்புட்டு அழுதிருக்கேன் தெரியுமா?

– பாக்கியம், இந்தா, தண்ணி குடி.

– பஸ்ஸும் போயிருச்சு. வண்டிய எடுங்க.

– எடுக்க மாட்டேன்.

– எடுங்கங்கறேன்.

– பாக்கியம்... ஷெரின் முழுகாம இருக்கா. மூணு மாசம் முடியட்டும், அம்மாட்ட நானே சொல்லிக்கிடுதேன்னா. நீ பதறிருவியாம். எனக்குச் சந்தோசம் தாங்கல. என்ன செய்யன்னு தெரியாமத்தான் பால்கோவாவ வாங்கினேன்... ஏட்டி, அழுதியா?

– இல்ல. தூசி.

– அவகிட்ட தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிடாத, என்ன? என்னையக் கொன்னுருவா.

– காட்டிக்கிட மாட்டேன்.

– ஆமா... என்ன நீ ஆச்சரியமே படல?

– எனக்குப் போன வாரமே தெரியும். அப்பாகிட்ட சொல்லிட்டு, அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கோன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். ஒரு சேதியாவது நீங்களா வாயத் தொறந்து என்கிட்டச் சொல்லுவீகளான்னு பாக்கணும்போல இருந்துச்சு... இன்னொருக்காச் சொல்லுங்க, கேக்கேன்.