மூன்றாவது சிலிண்டரில் ஒரு பட்டு இழை

“இல்லபா, ராத்திரி இல்ல. அதான் அப்போலேர்ந்து சொல்லிக்கினே இருக்கேன், மத்தியானம். பேய்னா நைட் ஷிஃப்டுதான் பாக்கும்னு எவன் சொன்னான் உங்களுக்கு?”

டேனியல்தான். கரண்டு போய் வெகுநேரம் ஆகியிருந்தது. மொட்டை மாடியில் பாயை விரித்து நெருக்கி உட்கார்ந்திருந்தோம். வெளிச்சமென்று இருந்தது ஒரே ஒரு செல்போன். அதையும் மேரி குப்புறக் கவிழ்த்துவிட்டாள். மேரி அவனுடைய சித்தி பெண், மெட்ராஸிலிருந்து லீவுக்கு வந்தவள்.

“உச்சி வெயிலு. முசரவாக்கத்துலேர்ந்து டவுனுக்கு வர்ற ரோடு. ஒரு ஆளு இல்ல, ஒரு காக்கா இல்ல. தாரு உருகி டயர்ல ஒட்டுது... சர்க், சர்க்குனு. அந்த ரோட்டுல ஒரு பழைய ஃபியட்டு வருது. பின்னால பைக்ல வேணு. என்கூட பாலிடெக்னிக் படிச்சான்ல, அவன்தான். கார ஓட்டறது அவன் மாமா பையன் சிவராஜ். வேணு ஒன்னு பாத்தான்... இரு, இரு. அதுக்கு முன்னாடி அந்தக் கார எப்படி எழுப்பனாங்கன்னு சொன்னாதான் உங்களுக்குப் புரியும்.”

“போச்சு. பேய்க் கதைன்னுட்டு மெக்கானிக் கிளாஸ் எடுக்கப் போறாரு அண்ணன்,” என்றாள் மேரி.

“வாய மூடிக்கினு கேளுமா. சிவராஜ் பிள்ளையார்பாளையம். தறிதான் வேலை. ஆனா மனசு பூரா வண்டி. தறியில கையும் காலும் ஓடிக்கினு இருக்கும், பக்கத்துல ஃபோன்ல இன்ஜின் வீடியோ ஓடிக்கினு இருக்கும். அவன் பொண்டாட்டி காவேரி தலையில அடிச்சுக்கும். முசரவாக்கம் தாண்டி ஒரு மாந்தோப்புல, ஓட்டு ஷெட்டுல, ஃபியட்டு ஒன்னு கெடக்குதுன்னு கேள்விப்பட்டு ஓடிட்டான். தோப்பு சிட்டிபாபுன்னு ஒரு பெரியவரோடது. முன்னாடி ஜரிகை வியாபாரம் பண்ணவரு. அவரு சிவராஜ் மூஞ்ச பாக்கலயாம். கையத்தான் பாத்தாராம். பாத்துட்டு சொன்னாரு... ‘வண்டிய சும்மாவே எடுத்துக்கப்பா. ஆனா கயிறு கட்டி இழுத்துக்கினு போவக் கூடாது. லாரியில ஏத்தக் கூடாது. ஓட்டிக்கினு போனா உன்னுது. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஓடலன்னா இரும்புக்கடைக்காரன் வந்து வெட்டி எடுத்துக்கினு போயிடுவான்.’

“யாருபா இப்படிக் கண்டிஷன் போடுவாங்க? அங்கியே யோசிச்சிருக்கணும். ஆனா வண்டிப் பைத்தியம் யோசிக்குமா? சீட்டுல எலி குட்டி போட்டிருக்குது, டிக்கி துருவுல தொங்குது... இருந்தாலும் அந்த பாடி இருக்குதே, அந்த வளைவு... நானா இருந்தாலும் சரின்னுதான் சொல்லியிருப்பேன்.”

“பேய், அண்ணே. பேய்.”

“வருது. இன்ஜின் புடிச்சுக்கிச்சு. பிஸ்டனு உள்ளயே துருவோட ஒட்டிக்கினு, அசைய மாட்டேன்னுது. அதுக்கு அவசரமே படக் கூடாது. அடிச்சா உள்ள உடைஞ்சுடும். பிளக்க எல்லாம் கழட்டிட்டு, அந்த ஓட்டை வழியா ஸ்டீரிங் ஆயிலும் தின்னரும் கலந்து ஊத்தி ஊற வெக்கணும். அப்பறம் முன்னாடி புல்லி நட்டுல ஸ்பேனர மாட்டி, ஸ்பேனர்ல நீட்டு பைப்ப சொருகி... மெதுவா. இந்தப் பக்கம் ஒரு அழுத்து. அந்தப் பக்கம் ஒரு அழுத்து. கெஞ்சணும் அதுகிட்ட. வேணு ஃபோன் பண்ணப்போ இதெல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தேன்.

“ஊத்திட்டு வந்துட்டாங்க. மறுநாள் மத்தியானம் போயி ஷெட்ட தொறந்தா... தின்னர் வாசனையே இல்ல. கஞ்சி வாசனை. அரிசிக் கஞ்சி, ஆறிப் போயி லேசா புளிச்சா அடிக்கும்ல, அது. மேரி, உனக்காக சொல்றேன். நெய்யறதுக்கு முன்னாடி பட்டு இழைய எல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவாங்க. அதான் பாவு. கஞ்சி தடவி பிரஷ்ஷால வாரி விடுவாங்க. பாவு கட்டியிருந்தா பஸ்ஸே வந்தாலும் நின்னு, அவங்க எடுத்தப்புறம்தான் போவணும். குறுக்க எவனும் பூந்து போவ மாட்டான்.

“அந்த வாசனை, தோப்பு நடுவுல, காருக்குள்ள.

“அப்ப வெளிய சத்தம் கேட்டுது. சர்ர்ர்... சர்ர்ர்... பிரஷ்ஷு போட்டு வார்ற சத்தம். வேணு எட்டிப் பாத்தான். வெயிலு. மரத்து நெழலு கூட அசையல. சரி, மனப்பிரமைன்னு திரும்பி வந்தா... இப்ப உள்ள கேக்குது. பானட்டுக்கு அடியிலேர்ந்து.”

மேரி காலைப் பாய்க்குள் இழுத்துக்கொண்டாள். டேனியல் ஒரு வாய் தண்ணீர் குடித்தான்.

“பயந்தா வண்டி போயிடும். அதனால பயப்படல. தெனமும் போறாங்க, தொங்கறாங்க. ரெண்டு ஆம்பளைங்க பைப்புல முழுசா தொங்கியும் மயிரளவு அசையல. ஞாயித்துக்கெழமை வந்துடுச்சு. இரும்புக்கடைக்காரன் கேஸ் கட்டர எடுத்துக்கினு வந்து வாசல்ல குந்திக்கினான். ‘சீக்கிரம் பாருங்கபா, சாப்பாட்டுக்குப் போவணும்’ன்றான். சிவராஜ் கண்ணு கலங்கிடுச்சு. ‘மச்சான், உள்ள ஆயில் எறங்கிச்சா இல்லையான்னு மட்டும் ஒரு தடவ பாத்துடறேன்’னு, கம்பியில துணி சுத்தி மூணாவது சிலிண்டர்ல உட்டான்.

“துணியில ஆயில் ஒட்டல. ஒரு இழை ஒட்டிக்கினு வந்துச்சு.

“பட்டு இழை. அரக்கு கலரு. ஈரமா இருக்குது. ஆயில் ஈரம் இல்ல, கஞ்சி ஈரம். இழுத்தான். ஒரு சாண் வந்துச்சு, நின்னுடுச்சு. உள்ள எதுவோ புடிச்சுக்கினு இருக்குது. யோசிச்சுப் பாருங்க, தின்னர்ல ஊறிக்கினு இருந்த சிலிண்டருபா அது!

“குனிஞ்சு பாத்தா புல்லிக்குப் பின்னாலயும் அதே அரக்கு. அது பழசு. கருத்துப் போயி சுத்திக்கினு இருக்குது. அதுல ஒரு முனை அறுந்து தொங்குது. வேணுவுக்குத் தறி தெரியாது. ‘இதான்டா மாட்டிக்கினு இருக்குது, வெட்டிடலாம், பிளேடு எங்க’ன்னு டூல்ஸ் பெட்டிய நோண்டறான்.

“ஆனா சிவராஜ் கை... அது சின்ன வயசுலேர்ந்து தறியில கெடந்த கை. அறுந்த முனைய கண்டா சும்மா இருக்காது. ரெண்டு முனையையும் சேத்துப் புடிச்சு, சாம்பல தொட்டுக்கினு, கட்டைவிரலால ஒரு திருவு திருவுனா இழை சேந்துடும். பிணைக்கறதும்பாங்க. தூக்கத்துல கூட செய்வானுங்க. அன்னிக்கி சாம்பல் இல்ல. கீழ கெடந்த புழுதிய தொட்டான். மேல வந்த முனை, கீழ தொங்கன முனை. ஒரு திருவு. சேத்துட்டான். சேத்தப்புறம்தான் அவனுக்கே தெரிஞ்சுது. சிரிச்சான். ‘பழக்க தோஷம் மச்சான்’னான்.

“டிக்.

“அவ்ளோதான் சத்தம். ஸ்பேனர்ல சொருகி வெச்ச பைப்பு... எவனும் தொடல... தானா எறங்குது. மெதுவா. ரொம்ப மெதுவா. வந்து தரையில தட்டிச்சு. டங். இன்ஜின் விட்டுடுச்சு.”

“பைப்பு வெயிட்டுக்கு எறங்கியிருக்கும்,” என்றாள் மேரி. குரலில் பழைய தெம்பு இல்லை.

“ரெண்டு தடியனுங்க தொங்கி எறங்காதது, பைப்பு வெயிட்டுக்கு எறங்குமா? சரி, அத விடு. பிளக்க மாட்டி, புது பேட்டரி வெச்சு, கேன்ல பெட்ரோல் குடுத்து சாவிய திருப்பறான். ஒரே செல்ஃபு! நான் வண்டி வேலை தெரிஞ்சவனா சொல்றேன், அத்தினி வருஷம் கெடந்த வண்டி அப்படி எழுந்துக்கவே எழுந்துக்காது. கார்புரேட்டர் அடைச்சிருக்கும், பாயிண்ட் பூத்திருக்கும். ‘டேய், பிரேக்காவது புடிச்சுதா’ன்னு கேட்டேன் வேணுவ. ‘எல்லாம் புடிச்சுதுடா’ன்றான். டயருக்குக் காத்து அடிச்சதத் தவிர அவனுங்க வேற ஒன்னியும் செய்யல. இரும்புக்கடைக்காரன் திட்டிக்கினே போயிட்டான். சிட்டிபாபு கயித்துக் கட்டில்ல உட்காந்து பாத்துக்கினே இருந்தாராம். வாழ்த்தும் இல்ல, ஒன்னியும் இல்ல.

“இப்ப அந்த ரோட்டுக்கு வாங்க. உச்சி வெயிலு. முன்னால சிவராஜ், பாட்டு பாடிக்கினு ஓட்டறான். பின்னால வேணு. காருக்குப் பின்னால என்னவோ மின்னுதேன்னு பாக்கறான். இழை. ஒரே ஒரு அரக்கு இழை. டிக்கி சந்துலேர்ந்து வந்து, பைக்க தாண்டி பின்னால போவுது. தரையில கெடக்கலபா... இடுப்பு ஒசரத்துல நிக்குது. வெறைப்பா. திரும்பிப் பாக்கறான். வந்த வழி பூரா இருக்குது. ரோடு வளையுது, இழை வளையல. மரத்துக்கு நடுவால நேரா போவுது, இழுத்துக் கட்டன பாவு மாதிரி. சிவராஜ் வீடு வர்ற வரைக்கும் வேணு ரோட்டு ஓரத்துலயே வந்தான். அந்த இழைய தாண்டி அந்தப் பக்கம் போவல.

“வீட்டு வாசல்ல நிறுத்தி, சிவராஜ் சாவிய உருவி கையில எடுத்துட்டான். இன்ஜின் நிக்கல. பேட்டரிய கழட்டனாங்க. நிக்கல. பிளக் வயர எல்லாம் புடுங்கனாங்க. நிக்கல. கேன்ல பெட்ரோல் எப்பவோ காலி. டுக் டுக்... டுக் டுக்... டுக் டுக். நெசவுத் தெருவாச்சே, எந்த வீட்டுலயோ தறி ஓடுதுன்னு நெனச்சு ஒருத்தரும் எட்டிக் கூட பாக்கல.

“காவேரிதான் இழைய பாத்துச்சு. உள்ள போயி பிளேடு எடுத்தாந்து அது மேல வெச்சுது. வெட்டல, வெச்சதுதான். இன்ஜின் முக்கிச்சு. இந்தப் பக்கம் சிவராஜ் நெஞ்ச புடிச்சுக்கினு படியில சரிஞ்சுட்டான். உதடெல்லாம் நீலம். காவேரி அலறிக்கினு பிளேட தூக்கிப் போட்டுது. இன்ஜின் தெளிஞ்சுது. அவனும் தெளிஞ்சான். ‘ஒன்னியும் இல்லமா, வெயிலு’ன்றான்.”

மேரி பாயின் ஓரத்திலிருந்து எங்கள் நடுவில் நகர்ந்து வந்தாள்.

“வேணு திரும்ப முசரவாக்கம் ஓடனான். சிட்டிபாபு கட்டில்ல தூங்கிக்கினு இருந்தாரு. எழுப்பி, ‘யோவ் பெரியவரே, என்னாயா வண்டி இது’ன்னு சட்டைய புடிச்சுட்டான். அவரு கோவமே படல. ‘பொன்னியம்மாள்னு ஒருத்திபா. விடிகாலையில பாவுல நின்னுக்கினு இருந்தா. முனைய கையில சுத்தி வெச்சிருந்தா. எனக்கு அவசரம். காரோட குறுக்க பூந்துட்டேன்’னாரு. அடிபட்டு விழுந்த அந்தம்மாவ அதே கார்லயே தூக்கிப் போட்டுக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓட்டியிருக்காரு. கையில சுத்துன இழை இன்ஜினுக்குள்ள ஓடிக்கினே இருந்துச்சாம். பாதி வழியில அறுந்துச்சாம். அங்கியே இன்ஜினும் நின்னுச்சு. அந்தம்மா மூச்சும் நின்னுடுச்சு.

“அப்பறம் சொன்னாராம்... ‘எத்தினி மெக்கானிக்கு வந்தானுங்க தெரியுமா? ஒருத்தனுக்கும் இழை பிணைக்கத் தெரியல. உன் மச்சான் கைய பாத்தப்பவே தெரிஞ்சுது. இன்னிக்கிதான்பா தூங்கறேன், எழுப்பாத.’ திரும்பிப் படுத்துக்கினாராம்.”

“பொய்யி,” என்றாள் மேரி. “நீ பாத்தியா அண்ணே? உன் கண்ணால பாத்தியா?”

“பாத்தேன்.”

டேனியல் முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினான்.

“போன வாரம் போனேன். பெட்ரோல் டேங்க் காஞ்சு கெடக்குது, இன்ஜின் ஓடுது. சைலன்சர்ல கை வெச்சேன். சூடே இல்லபா... ஜில்லுனு, ஈரமா. மோந்து பாத்தா கஞ்சி. சிவராஜ் நல்லாதான் இருக்கான். டீ போட்டுக் குடுத்தான். என்னா, தறியில உட்கார மாட்டேன்றான். வண்டிய விட்டு நவுர மாட்டேன்றான். நான் வெளையாட்டா டாக்டரு மாதிரி அவன் மணிக்கட்ட புடிச்சேன். டுக் டுக்... டுக் டுக்... இந்தக் காதுல இன்ஜின். இந்த வெரல்ல நாடி. ஒன்னுக்கொன்னு முந்தவும் இல்ல, பிந்தவும் இல்ல.

“இன்னிக்கி சாயங்காலம் காவேரி ஃபோன் பண்ணுச்சு. ‘அண்ணே, வண்டி ஐட்லிங் நேத்துலேர்ந்து எறங்கிக்கினே வருதுண்ணே. இவரும் எழுந்துக்கவே முடியலன்றாரு, படுத்தே கெடக்கறாரு. உங்களுக்குத்தான் வண்டி வேலை தெரியும். காலையில வந்து கொஞ்சம் ஏத்தி வெச்சுட்டுப் போங்கண்ணே.’

“ஐட்லிங்னா வண்டி நின்ன எடத்துல இன்ஜின் ஓடற வேகம். அத ஏத்தறது ஒரு வேலையே இல்லபா. கார்புரேட்டர்ல துக்குணூண்டு ஸ்க்ரூ ஒன்னு. இப்படி அரைத் திருப்பு திருப்பனா ஏறும். அப்படித் திருப்பனா...”

இருட்டில் விரலைத் திருப்பிக் காட்டியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

“துருப்பிடிச்ச ஸ்க்ரூபா அது. கை எந்தப் பக்கம் வழுக்கும்னு சொல்ல முடியாது. தொடாம விட்டா தானாவே எறங்கி நின்னுடும். சொல்லுங்கபா, விடியறதுக்குள்ள சொல்லுங்க... நீங்களா இருந்தா அந்த ஸ்க்ரூவுல கை வெப்பீங்களா, மாட்டீங்களா?”