இருட்டு இல்லாத சாட்சி

நானே எழுதித் தருகிறேன், மேடம். ஆள் வைத்து எழுத வேண்டாம்; உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் பாவம், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருக்கிறது. எனக்கு இது பழகிய வேலைதான். ஒரு மாதமாக எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் சபையில் பெண்கள் ஊழியத்துக்கு ஒரு பொறுப்பாளரைத் தேடினார்கள். ஆலயத்தைப் பெருக்குவது நான், திருவிருந்துக்குப் போதையில்லாத திராட்சரசம் காய்ச்சுவது நான், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் போய் நிற்பது நான். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. இந்த ஒன்றாவது எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன். விண்ணப்பத்தோடு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: நான் இயேசுவை எப்படி ஏற்றுக்கொண்டேன் என்று என் சொந்தச் சாட்சியை எழுதித் தர வேண்டும்.

எழுதினேன். விசுவாசக் குடும்பத்தில் பிறந்தேன், ஞாயிறு பள்ளிக்குப் போனேன், ஒரு பொய் சொன்னதில்லை. பாஸ்டரம்மா படித்துவிட்டுத் தாளை என்னிடமே நீட்டினார்.

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா உப்புச் சப்பில்லாம இருக்கே. எந்த இருட்டுலேர்ந்து ஆண்டவர் உங்களை வெளிய கொண்டுவந்தார்? அது வரணும். அதுதான் கேக்கிறவங்க மனசைத் தொடும்.”

இருட்டுக்கு நான் எங்கே போவேன்? மறுபடி எழுதினேன். மறுபடியும் திரும்பி வந்தது.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த என் தங்கைக்கு அந்தக் குறை இல்லை. அவள் குடித்துக் கெட்டவள். வேலை போய், வீட்டை விட்டு ஓடி, நடுத்தெருவில் விழுந்து கிடந்து, பிறகு திருந்தினாள். வருஷா வருஷம் மேடை ஏறி அதைச் சொல்வாள். சபையே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். அவள் வாந்தி எடுத்த துணியையெல்லாம் துவைத்தவள் நான். அந்தக் கதையில் எனக்கு ஒரு வரி கிடையாது. “எங்கக்கா சொர்க்கத்துக்கே முன்னாடி போய்ப் பெருக்கி வைக்கிற ஆளு” என்று கேலி வேறு செய்வாள். நானும் சிரித்துவைப்பேன்.

கடைசியில் பாஸ்டரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். பொறுப்பைத் தங்கைக்கே கொடுத்தால் என்ன என்று கமிட்டியில் பேச்சு வந்ததாம். வயிறு எரியாதா மேடம், நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆண்டவரே, எனக்கென்று ஒரு அற்புதம் செய்யும் என்று கெஞ்சினேன். கெஞ்சி முடித்த பிறகுதான் உறைத்தது: அற்புதம் நடக்க வேண்டுமென்றால் முதலில் ஏதாவது கெட வேண்டும்.

மீந்த திராட்சரசத்தை எப்போதும் வீட்டுக்குக் கொண்டுவருவேன், தங்கை ஆசையாகக் குடிப்பாள். அதில் பிராந்தி கலந்தேன். கொஞ்சம்தான். ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அக்கா, இது புளிச்சிருச்சா?”

“இல்லடி. நேத்துதான் காய்ச்சினேன். குடி.”

குடித்தாள். நான் கொடுத்தால் அவள் எதையும் மறுக்க மாட்டாள். அடுத்த வாரமும் கொடுத்தேன். அதற்கப்புறம் அவளாகவே கடைக்குப் போய் வாங்கிக்கொண்டாள். அந்தப் பாட்டில்கள் நான் வாங்கியவை அல்ல என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

என் எண்ணத்தில் கெடுதல் இல்லை. அவள் விழுவாள், நான் உபவாசமிருந்து ஜெபிப்பேன், அவள் எழுந்திருப்பாள். இந்த முறை அவளைத் தூக்கிவிட்டவள் நான் என்று இருக்கும். “என்னை மன்னிச்சிடுக்கா, எப்படி ஆச்சுன்னு எனக்கே தெரியல” என்று அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மன்னித்தேன். அன்றைக்கே புதுச் சாட்சியின் முதல் பத்தியை எழுதினேன். நன்றாக வந்தது.

இனி ஒரு சொட்டு உள்ளே போனாலும் ஈரல் தாங்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஆமாம், அப்போது நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ரத்தமாக வாந்தி எடுத்தாள். “அக்கா, ஆம்புலன்ஸைக் கூப்பிடு” என்றாள். போன் என் கையில்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஆம்புலன்ஸ் வந்து அவள் பிழைத்தால், டாக்டர் பிழைக்க வைத்தார் என்று ஆகிவிடும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன எழுதுவது? போனைக் கவிழ்த்து வைத்தேன். அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு ஜெபித்தேன். அப்படி உருகி நான் என் வாழ்நாளில் ஜெபித்ததில்லை. “கூப்பிடுக்கா, பயமா இருக்குக்கா” என்று இன்னும் இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிறகு சொல்லவில்லை. அவள் மூச்சு நின்றது எப்போது என்று எனக்குத் தெரியாது; கண்ணை மூடியிருந்தேன்.

என் தங்கையைக் கொன்றது நான்தான். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன். இப்போது படித்துப் பார்த்தால் எனக்கே கண் கலங்குகிறது.

ஒரே ஒரு வேண்டுகோள், மேடம். இதற்கு ஒரு நகல் எடுத்து எங்கள் சபை அலுவலகத்தில் என் விண்ணப்பத்தோடு சேர்க்கச் சொல்ல முடியுமா? கமிட்டி வெள்ளிக்கிழமைதான் கூடுகிறது.