எலி குடைந்த சுவர்

மழுங்கிப்போன சாமானை அப்படியே வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது சார். அரிவாள்மணை மழுங்கியிருக்கும், அதிலேயே வாழைக்காயை வைத்து அமுக்கிக்கொண்டிருப்பார்கள். எழுந்துபோய்த் தீட்டிக்கொண்டு வர உடம்பு வணங்காது. நான் அந்த ரகம் இல்லை. இதை எழுதவேண்டாம், பேச்சுக்குச் சொன்னேன்.

என் பெயர் ஹரிநாராயணன். ஸ்ரீவராகத்தில் வீடு. போன வாரம் மழையில் சுவர் இடிந்து கல்யாணச் சமையல் பிச்சுமணி செத்துப்போனானே, அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவன் நான். உங்கள் ஆட்கள் வந்தபோது காபி கொடுத்தது நான்தான். இன்றைக்கு என்னை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். சுவரைப் பார்க்க வந்த எஞ்சினியர் ராகேஷ் ஒரு தப்பான சேதியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது உங்கள் ரிப்போர்ட்டில் ஏறிவிடக் கூடாது என்பதற்காக வந்திருக்கிறேன்.

நான் அரசாங்க ஸ்டோரில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டயர் ஆனவன். மெஷின் என்று ஒன்று வந்தால் அது ஓட வேண்டும், சும்மா கிடந்தால் ஆடிட்டில் பதில் சொல்லி மாளாது. அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறிவிட்டது. ரிட்டயர் ஆன புதிதில், பெங்களூரில் இருக்கும் என் பையன் சுமந்த், "அப்பா, உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றான். டிரில் பிட், அதாவது துளை போடுகிற டிரில்லின் முனைக் கம்பி, அதைத் தீட்டும் மெஷின் வேண்டும் என்றேன். போனில் ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன். மேஜையில் போல்ட் போட்டு இறுக்கி வைப்பது. மழுங்கிய பிட்டை அதன் கவ்வியில் பொருத்தி, வாயில் செருகி, இப்படியும் அப்படியும் மெல்ல உருட்டிக் கொடுத்தால் உள்ளே சக்கரம் சுற்றும். கொஞ்சம் பொறி பறக்கும். வெளியே எடுத்தால் முனை புத்தம்புதிதாக இருக்கும், வெட்டும் விளிம்பு இரண்டும் அச்சு அசல் ஒரே அளவு. முதல் பிட்டைத் தீட்டி எடுத்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன்.

என்ன கஷ்டம் என்றால், வீட்டில் பிட் கொஞ்சம்தான் இருந்தது. ஒரு காலைப் பொழுதில் எல்லாம் தீர்ந்துவிட்டது. மணக்காட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கோலப்பனிடம் போனேன். அவன் ஒரு டப்பா நிறைய மழுங்கிய பிட் கொடுத்தான். சந்தோஷமாகத் தீட்டிக் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது கையை விரித்துவிட்டான்.

"சாமி, நீங்க தீட்டுனது அப்படியே நிக்கி. இனி இப்பம் ஒண்ணும் மழுங்காது, கேட்டேளா."

நன்றாகத் தீட்டியதற்கு இதுதான் பலன். மெஷின் துண்டு போர்த்திக்கொண்டு கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கூர்மையாக இருக்கும் பிட்டையே மறுபடி தீட்டலாமே என்பீர்கள். அது மோசடி சார். பிட் நியாயமாக வேலை செய்து, நியாயமாக மழுங்கி என்னிடம் வர வேண்டும். எனவே வேலையைத் தேடினேன்.

தெருவில் வீடு வீடாகப் போய்க் காலண்டருக்கும் துண்டுக்கும் ஆணி அடிக்கத் துளை போட்டுக் கொடுத்தேன், இனாமாகத்தான். முதலில் வாங்கோ வாங்கோ என்றவர்கள், பிற்பாடு டிரில்லோடு என்னைக் கண்டால் கதவைச் சாத்த ஆரம்பித்தார்கள். பிறகு என் வீட்டிலேயே போட்டேன். என் மனைவி சுப்புலக்ஷ்மி ஒருநாள் அடுக்களையில் கரண்டியும் கையுமாக நின்றாள்.

"ஏன்னா, ஆத்தையே சல்லடையாக்கிட்டேளே. இனிமே என் கண்ணுல ஒரு ஓட்டை படப்படாது, சொல்லிட்டேன்."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கண்ணில் படாத இடம் எது என்று யோசித்தேன். பின்னறையில் மெஷினை வைத்திருந்தேன். அங்கே மர பீரோவை நகர்த்தினால் வெட்டுகல் சுவர், செம்மண் பாறையில் அறுத்தெடுத்த சிவப்புக் கல்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தனிச் சுவர் கிடையாது, உங்களுக்கே தெரியும். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பாதிக் கனம் என்னுடையது, பாதிக் கனம் பிச்சுமணியுடையது. நான் போட்ட துளை ஒவ்வொன்றும் என் பாதிக்குள் நின்றுவிடும். அவன் பக்கம் ஒருநாள்கூட முனை எட்டிப் பார்த்ததில்லை. இதில் நான் மிகவும் கண்டிப்பு.

இதைக் கோலப்பனிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான். "இது இரும்புல போடுக பிட்டுல்லா? கல்லுல போட்டா ஒத்த ஓட்டையில முனை செத்துருமே சாமி. யாராவது செய்வாவளா?" என்றான். ஒரே துளையில் மழுங்கிவிடும்! வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே நடந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் குளித்துச் சந்தி பண்ணிவிட்டுத் துளை போடுவேன், சாப்பிட்டு எழுந்து பிட்டுகளைத் தீட்டுவேன். சுவரின் அடியிலிருந்து வரிசை வரிசையாக, கோலப் புள்ளி மாதிரி. இடம் தீர்ந்ததும் புள்ளிகளுக்கு நடுவே போட்டேன். சிவப்புத் தூளை வாளியில் அள்ளித் துளசிமாடத்தில் கொட்டினேன். துளசி செழித்து வந்தது. என் ஆயுசிலேயே நல்ல நாட்கள் அவைதான்.

பிச்சுமணி நல்ல பிள்ளை. குடும்பம் கிடையாது. கல்யாணத்துக்குச் சமைத்துவிட்டு வந்தால் எங்களுக்கு ஒரு தூக்கில் பாயசம் வரும். சாப்பிட்டு, குளிர்ச்சியாக இருக்கிறது என்று அந்தச் சுவர் ஓரமாகக் கட்டிலைப் போட்டுப் படுப்பான். ஒருநாள் பாயசத்தோடு வந்தவன் போகாமல் நின்றான்.

"அண்ணா, சுவத்துக்குள்ள கிர்ருனு ஒரு சத்தம். காரை பெயர்ந்து தலையில கொட்றது. எந்தாக்கும் அது?"

"எலியா இருக்கும்டா" என்றேன்.

எனக்கு வேறென்ன சொல்லத் தோன்றும்? அவனும் நம்பி, சாலைக் கடையில் ஒரு எலிப்பொறி வாங்கி, தேங்காய்த் துண்டு வைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தான். எலி வரவில்லை. மறுபடி வந்தான்.

"அண்ணா, சுவர் கொஞ்சம் வயிறு தள்ளினாப்ல இருக்கு. கட்டிலை அந்தப் பக்கம் மாத்திக்கட்டுமா?"

யோசித்துத்தான் பதில் சொன்னேன் சார். கட்டிலை நகர்த்தினால் சுவர் முழுசாகத் தெரியும். தெரிந்தால் கொத்தனாரைக் கூப்பிடுவான். கொத்தனார் வந்தால் என் மெஷினுக்கு வேலை போய்விடும். "அந்தப் பக்கம் ஓடு ஒழுகும்டா. இங்கேயே படு, ஒண்ணும் ஆகாது" என்றேன். "அண்ணா சொன்னா சரி" என்று போய்விட்டான். பெரியவர்கள் சொல்லைத் தட்டாதவன்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சுவரோடு தரையும் இறங்கி, பீரோக் கதவு சாத்த வரவில்லை. அன்று மத்தியானம் சுப்புலக்ஷ்மி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் பழவங்காடிக்குப் போயிருந்தாள். நான் பின்னறையில் இருந்தேன். சுவர் மெல்ல முனகியது. என் கையில் மணல் உதிர்ந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டோரில் பழைய கட்டடங்களோடு காலம் தள்ளியவன், எனக்குத் தெரியாதா?

மெஷின் சுவரை ஒட்டியல்லவா இருந்தது! ஸ்பானரை எடுத்து நாலு போல்ட்டையும் கழற்றினேன். ஒன்று துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். பிச்சுமணியின் குறட்டை கேட்டது. துளைகள் வந்தபிறகு முன்னைவிடத் தெளிவாகவே கேட்கும். மெஷினைத் தூக்கி வந்து முன்னறையில் வைத்தேன். திரும்பப் போய் பிட் டப்பாவையும் எடுத்து வந்தேன். துண்டைப் போர்த்தினேன். அதற்குப் பிறகுதான் விழுந்தது.

ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நல்ல கனமான மெஷின் சார், இரண்டு கையும் அதில் இருந்தது. அதோடு, விடியலிலிருந்து அடுப்படியில் வெந்துவிட்டு வந்து அயர்ந்து தூங்குகிறவனை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். என் பாதி அப்படியே பொடிந்து உட்கார்ந்துவிட்டது. கூரையின் பாரம் தாங்காமல் கட்டிலின்மேல் சாய்ந்தது அவனுடைய பாதிதான்.

நான் அழுதேன். சுப்புலக்ஷ்மியைக் கேட்டுப் பாருங்கள்.

மறுநாள் எஞ்சினியர் வந்தார். குடையை மடக்காமலே, நின்றிருந்த மிச்சச் சுவரில் ஒரு துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். கீழே நசுங்கிக் கிடந்த எலிப்பொறியைக் காலால் நகர்த்திவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்.

"எலியாணு ஸ்வாமி. எலிக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும், அறியுமோ? எதையாவது கரண்டிக்கிட்டே இருக்கணும். பசியொண்ணும் இல்ல. சும்மா, பல்லுக்கு வேண்டி."

கூடியிருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அன்றிலிருந்து ராத்தூக்கம் இல்லை. பிச்சுமணியிடம் நான் எலி என்று சொன்னது ஒரு சமாதானத்துக்கு. படித்த எஞ்சினியர் அதையே சொல்லலாமா?

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். சுவரைக் குடைந்தவன் ஹரிநாராயணன். எலி என்று பொய் சொன்னவனும், கட்டிலை மாற்றாதே என்று தடுத்தவனும், விழப்போகிறது என்று தெரிந்து மெஷினை மட்டும் வெளியே எடுத்தவனும் அவனே. கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பிட்டும் கொண்டுவந்திருக்கிறேன். முனையைத் தொட்டுப் பாருங்கள், மெதுவாக, கிழித்துவிடும். மிச்சச் சுவரில் இதைச் செருகிப் பார்க்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு துளையும் காம்பஸ் வைத்து இழுத்தாற்போல் வட்டமாக இருக்கும்.

எலியால் இது ஆகுமா? ஒரு பசி இல்லை, ஒரு பிரயோஜனம் இல்லை, தன் பல்லுக்காக அடுத்தவன் தலைமாட்டைக் குடைந்துகொண்டே இருக்கிற பிராணி சார் அது. அதோடு கொண்டுபோய் என்னைச் சேர்க்கலாமா?