அந்தச் சிவப்பு வரி யாருடையது

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் முதல் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது ஐம்பத்து நான்கு. மனைவியோடும் கல்லூரியில் படிக்கும் மகளோடும் வாடகை மாடி வீட்டில் குடியிருக்கிறேன். கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் நிதி மேலாளராக வேலை பார்த்தேன். அங்கே என்னைக் கணக்கு சார் என்றுதான் கூப்பிடுவார்கள். இதற்கு முன் காவல் நிலையத்துக்குள் வந்தது மகளின் சைக்கிள் தொலைந்தபோது மட்டும்தான்.

தொழிற்சாலையின் முதலாளியை நாங்கள் அம்மா என்போம். கணவர் காலமான பிறகு அவரே நிர்வாகம் பார்த்து வந்தார். அவர் மகளைக் கட்டியவர் இயக்குநர். ஊழியர்களுக்கு அவர் மாப்பிள்ளை சார். நான் யாரையும் கேட்காமல் கம்பெனியின் வட்டி ஒப்பந்தத்தை முறித்துப் பணத்தைச் சூதாடித் தொலைத்தேன் என்று புகார் கொடுத்திருப்பவர் அவரே.

அது என்ன ஒப்பந்தம் என்று ஆய்வாளர் கேட்டதால் சொல்கிறேன். புது உலை கட்ட ஒரு வங்கியில் பெரிய கடன் வாங்கினோம். அதற்கு மாறும் வட்டி. சந்தையில் ஏறினால் எங்களுக்கும் ஏறும், இறங்கினால் இறங்கும். பாட்டில் விலையை நாங்கள் வருடத் தொடக்கத்திலேயே பேசி முடித்துவிடுவதால், நடுவில் வட்டி ஏறினால் அதை வாங்குபவர் தலையில் கட்ட வழியில்லை. எனவே இன்னொரு வங்கியோடு வட்டி மாற்று ஒப்பந்தம் போடலாம் என்று நான் சொன்னேன், அம்மாவும் சம்மதித்தார். ஆபீசில் அதை ஸ்வாப் என்போம். மாறாத ஒரு வட்டியை நாங்கள் அந்த வங்கிக்குக் கொடுப்போம், மாறும் வட்டியை அது எங்களுக்குக் கொடுக்கும். அசல் கைமாறாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். சந்தையில் வட்டி ஏறினால் கடனுக்குக் கூடுதலாகக் கட்டுவோம், ஸ்வாப்பில் அது திரும்பி வரும். இறங்கினால் கடனில் மிச்சமாகும், ஸ்வாப்பில் அது போய்விடும். எப்படிப் பார்த்தாலும் எங்கள் கைச்செலவு ஒன்றே. இதில் சூதாட்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஆய்வாளர் மேலே சொல்லும்படி சொன்னார்.

அதன் பிறகு வட்டி இறங்கத் தொடங்கியது. எங்கள் மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு செலவும் திரையில் ஒரு வரியாக வரும், ஒவ்வொரு வரிக்கும் ஒருவர் பொறுப்பு. நஷ்டம் காட்டும் வரி சிவப்பில் இருக்கும். அந்த வரிக்குரியவர் எழுந்து நிற்க வேண்டும். அம்மா "உக்காருங்க" என்று சொன்ன பிறகுதான் உட்காரலாம். அம்மாவின் கணவர் ஏற்படுத்திய வழக்கம் இது. கடனைப் பேசி வாங்கியவர் மாப்பிள்ளை சார் என்பதால் கடன் வட்டி அவர் வரி. ஸ்வாப் என் வரி. வட்டி இறங்க இறங்க அவர் வரி பச்சையாக வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். என் வரி சிவப்பாக வந்தது, நான் எழுந்து நின்றேன்.

இரண்டும் ஒரே பணத்தின் இரண்டு பக்கம், ஒரே வரியில் சேர்த்துப் போடுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை சார், "நான் மிச்சம் பிடிச்சதக் கொண்டுபோய் உங்க ஓட்டையில போடணுமா?" என்றார். சிரித்தார்கள். மாதம் தவறாமல் நின்றேன். பேக்கிங் மேலாளர் ஒருமுறை, "என்ன சார், பஸ்ல இடம் கிடைக்காதவரு மாதிரி எப்பவும் நின்னுக்கிட்டே வர்றீங்க" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன், ஆனால் மகள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அறையில் எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது.

அதன் பிறகு ஒருநாள் காலை அம்மா உலையைப் பார்க்க வந்தார், நானும் கூடப் போனேன். உலைப் பக்கம் காதில் வாய் வைத்துப் பேசினால்தான் கேட்கும். அம்மா என் காதருகே, "அந்த ஸ்வாப்ப எடுத்து விட்டுடுங்க சார். மாசாமாசம் உங்கள நிக்க வெச்சுப் பாக்க எனக்கே ஒரு மாதிரியா இருக்கு" என்றார். வேண்டாம் அம்மா, சேர்த்துப் பார்த்தால் நமக்கு ஒன்றும் போகவில்லை, நாளைக்கு வட்டி ஏறினால் நம்மைக் காப்பது அதுதான் என்றேன். "சேத்துப் பாக்க அங்க யாரு இருக்காங்க? எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். உலைக்காரர் எதிரே நின்றிருந்தார். அம்மா பேசியதைப் பார்த்ததாகச் சொல்கிறார். என்ன பேசினார் என்று அவருக்குத் தெரியாது.

வங்கிக் கடிதங்களில் தனியாகக் கையெழுத்திடும் அதிகாரம் எனக்கு இருந்தது, அன்றே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வட்டி இறங்கியிருந்த நேரம் என்பதால், மீதி வருடங்களுக்கு ஈடாக அந்த வங்கி ஒரு தொகை கேட்டது. அதையும் கட்டினோம். என் மனைவி இப்போது, "இத்தன வருஷமா கணக்கு எழுதுறீங்க, அந்தம்மாகிட்ட ஒரு வரி எழுதி வாங்கத் தெரியலையா?" என்கிறாள். எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னவரிடம் அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு வட்டி ஏறத் தொடங்கியது, நிற்கவே இல்லை. கடன் வட்டி வரி சிவப்பானது. மாப்பிள்ளை சார் எழுந்திருக்கவில்லை. "இது என் வரி இல்ல. ஸ்வாப்ப எடுத்தவரோட வரி" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் அந்த நாற்காலியிலிருந்து யாரும் எழுந்து நின்று நாங்கள் பார்த்ததில்லை. நான் எழுந்து நின்றேன். அன்று உட்காரச் சொல்ல அவர் மறந்துவிட்டார். கூட்டம் முடியும்வரை நின்றேன்.

அதன் பிறகு வட்டி கட்ட முடியாமல் உலையை அணைத்தார்கள். அணைந்த உலையில் கண்ணாடி கல்லாக இறுகிவிடும், மறுபடி அதை உயிர்ப்பிக்க முடியாது. வேலையிழந்தவர்கள் கேட்டுக்கு வெளியே நின்று என் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அதே வாரம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்தன, பேச்சும் போய்விட்டது. எனக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்.

புகார் வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மாவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள், மாப்பிள்ளை சாரும் நர்ஸும் அருகில் இருந்தார்கள். நான் எதுவும் கேட்கவில்லை, வாசலில் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தார். பிறகு இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். சரிந்தார், மறுபடியும் முயன்றார். "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று நர்ஸ் தோளை அழுத்தினாள். மாப்பிள்ளை சார், "பாருங்க, உங்களக் கண்டாலே அவங்களுக்குப் படபடப்பு வருது. கிளம்புங்க" என்றார். அம்மா மூன்றாம் முறையும் எழப் பார்த்தார். உட்காருங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அழுகை வந்துவிட்டதால் சொல்ல முடியவில்லை.

அவர் ஏன் எழுந்தார் என்பதையும் எழுதிக்கொள்ளும்படி ஆய்வாளரைக் கேட்டேன். பேச முடியாதவர் மனதில் இருப்பதை வாக்குமூலத்தில் எழுத இயலாது என்றார். "எழ முயன்றார்" என்பதை மட்டும் எழுதிக்கொள்வதாகச் சொன்னார், அதற்கு நான் சம்மதித்தேன்.

யாரும் மிரட்டாமல், எதுவும் ஆசை காட்டாமல் என் மனமறிந்து சொன்னது இவ்வளவும். படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் உண்மை, எல்லாம் சரியாக இருக்கிறது. அம்மா ஏன் எழுந்தார் என்பது மட்டும் அந்த இரண்டே சொல்லில் இருக்கிறது.

(ஒப்பம்)